சென்னை – யாழ்ப்பாணம்: 355 கி.மீ. பறக்க ஒன்றேகால் மணி நேரம் ஏன்?

சென்னையில் இருந்து எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா? வான்வழியில் அளந்தால் மதுரை சுமார் 420 கி.மீ., யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ.தான். சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது பலாலி விமான நிலையம். கல்பாக்கம் தாண்டினால் அப்புறம் கடல்தான்.

இந்தப் பாதையில் ஏ.டி.ஆர்.-72 ரக விமானங்கள் பறக்கின்றன. இரண்டு பக்கமும் விசிறி சுழலுமே, அந்தச் சின்ன விமானம். வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. கணக்குப் போட்டால் 43 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் டிக்கெட்டில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். மீதி அரை மணி நேரம் எங்கே போச்சு?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்தில் இருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், அங்கே போய் நிற்பது வரை எல்லாம் அதில் சேரும். மீனம்பாக்கத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் நிற்க வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடைக்காது. இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, ஓடுபாதைக்கு நேராக வளைந்து வர வேண்டும். தாமதத்துக்கு என்று நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்ளும். இவ்வளவு குறைந்த தூரத்தில் பெரிய ஜெட் விமானம் விட்டாலும் மிச்சமாவது சில நிமிடங்கள்தான்.

உண்மையில் நேரத்தை முழுங்குவது வேறு. மதுரைக்குப் போற மாதிரி கடைசி நேரத்தில் ஓடிப்போய் ஏற முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். விசா விதிகளும் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியும் இது பெரிய லாபம். போரால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பலாலி, 2019 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் 2020-ல் நின்ற சென்னை சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. இந்த விமானம் இல்லாத காலத்தில் கொழும்புதான் வழி. அதாவது, யாழ்ப்பாணத்தைத் தாண்டி இன்னும் 290 கி.மீ. தெற்கே பறந்து கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ மறுபடி வடக்கே வர வேண்டும். அதற்கே ஏழெட்டு மணி நேரம். சாவு வீட்டுக்குப் போக வேண்டியவருக்கும், சிகிச்சைக்குச் சென்னை வரும் நோயாளிக்கும் அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிது!

விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலைப் பார்க்கலாம். தூரம் சுமார் 110 கி.மீ., நேரம் நான்கு மணி நேரம் போல ஆகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. அந்த மாதங்களில் நாகைக்குக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.