தோணிரேவு மீன் வண்டிக்கு எந்த கியர் ஆயில்? '90 குடுங்க' என்று கேட்டால் மட்டும் போதுமா?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது தோணிரேவு. இறாலும் நண்டும் மடவையும் படகிலிருந்து இறங்கும் நேரத்துக்குக் கரையில் பிக்கப் தயாராக நிற்கணும். சென்னைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். பாதி வழியில் பின் ஆக்சில் 'கொய்ங்' என்று கத்த ஆரம்பித்து வண்டி நின்றுபோனால், ஐஸ் உருக உருக லோடின் விலையும் இறங்கும். இத்தனைக்கும் அந்த ஆக்சிலுக்குள் இருப்பது ஏறக்குறைய 2 லிட்டர் ஆயில்தான்.

ஆனால் அதை வாங்கப் போகும்போது கடையில் நடப்பது இதுதான். "அண்ணே, 90 ஆயில் குடுங்க." "எதுக்குப்பா, கியர்பாக்ஸுக்கா, கிரவுனுக்கா?" "ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கிரவுனுக்கு மட்டும் ஏன் தனி ஆயில்?

மெக்கானிக்குகள் 'கிரவுன்' என்று சொல்வது டிஃபரன்ஷியலை. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் இடம் அது. உள்ளே இருக்கும் கிரவுனும் பினியனும் பெரும்பாலும் 'ஹைபாய்டு' வகை. இந்த வகையில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, அழுத்தத்தோடு உரசி வழுக்கவும் செய்கின்றன. லோடு ஏற்றிய வண்டியில் அந்த அழுத்தம் வெறும் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். அவை இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் அந்தக் கந்தகம்தான். (ஒரு காலத்தில் இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெயைக்கூடப் பயன்படுத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை போட்ட பிறகே அது ஓய்ந்தது.)

இந்தச் சேர்க்கை எவ்வளவு என்பதைச் சொல்வதுதான் டப்பாவில் உள்ள 'ஜிஎல்' எண். ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. மேனுவல் கியர்பாக்ஸ் பலவற்றுக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5-ல் சேர்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 'அப்போ அதையே எல்லாத்துக்கும் ஊத்திடலாமே' என்றால், கூடாது. கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கும். சில ஜிஎல்-5 ஆயில்கள் அவற்றை அரிக்கும். வழுக்கலும் அதிகமாகி, கியர் மாற்றும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும். மாறாக, ஜிஎல்-4-ஐ கிரவுனில் ஊற்றினால் பற்கள் தேயும். இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் ஆயிலும் கிடைக்கிறது. வண்டிக் கையேடு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

80டபிள்யூ-90: முதல் எண்ணை விடுங்க

80டபிள்யூ என்பது குளிரில் ஆயில் எவ்வளவு இளகி இருக்கிறது என்பதற்கான அளவு. அதைச் சோதிப்பது மைனஸ் 26 டிகிரியில்! பழவேற்காட்டில் மார்கழிப் பனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு முக்கியம் இரண்டாவது எண். அதுதான் சூடேறிய ஆயிலின் கெட்டித்தன்மை.

ஆக்சில் சத்தம் போட்டால் '140 ஊத்துங்க, அடங்கிடும்' என்பார்கள். அடங்கும்தான். ஆனால் தேய்ந்த பல் வளராது. கெட்டி ஆயிலைக் கடைய எஞ்சின் கூடுதலாக உழைக்கும், மைலேஜும் குறையும். கனமான லோடுக்கு 85டபிள்யூ-140 போடலாம் என்று கையேடே சொன்னால் மட்டும் போடுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். கரையில் நிற்கும் குட்டியானை, தோஸ்த், சாதாரண பொலேரோ பிக்கப் எல்லாம் பின்சக்கர இழுவை வண்டிகள்தான். அவற்றில் அந்தப் பெட்டியே கிடையாது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற 4x4 வண்டிகளில் உண்டு. முன்னாலும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே கியர் மட்டும் என்றால் பொதுவாக கியர் ஆயில். செயின் இருந்தால் பல வண்டிகளுக்கு ஏடிஎஃப் எனப்படும் மெல்லிய ஆயில். இதில் ஊகம் வேண்டாம்.

ஏரிக்கரையின் உண்மையான எதிரி

என்னைக் கேட்டால், இங்கே பிராண்டைவிட முக்கியம் தண்ணீர். ஓடிச் சூடான ஆக்சிலை உவர்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது பிரீதர் ஓட்டை வழியாகவோ, தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் என்றால் பேரிங் துருப்பிடிக்க நாள் அதிகம் ஆகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற வெள்ளத்தில் ஆக்சில் மூழ்கியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அடையாளம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறினால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே, வண்டிக்கு ஊற்றலாமா? டப்பாவில் ஜிஎல்-5 என்றும், கையேடு சொல்லும் அதே கெட்டித்தன்மையும் இருந்தால் ஊற்றலாம். இல்லையென்றால் அது படகுக்கே இருக்கட்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை. ராத்திரி முழுக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி வையுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால், கலங்காமல் மிச்சம் இருப்பது அடியில் இறங்கியிருக்கும். காலையில் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால் முதலில் சொட்டுவது என்ன என்று தெரிந்துவிடும். பிளக்கின் காந்தத்தில் கருப்பு மை மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தால் அன்றைக்கு லோடு எடுக்காதீர்கள்.

முழுசாக மாற்றப் போகிறீர்களா? முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள், கீழே இருப்பதை அப்புறம் தொடலாம். உப்புக் காற்றில் மேல் பிளக் இறுகிப்போயிருந்தால், ஆயில் இல்லாத ஆக்சிலோடு மாட்டிக்கொள்வீர்கள். நிரப்பும்போது ஓட்டையின் விளிம்பு வரை போதும். அதிகமானால் சீல் வழியாகக் கசிந்து பின் பிரேக் டிரம்மில் இறங்கும்.