பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி, தெரியுமா?

பிரெஞ்சு நடிகர் அலென் டெலோன் ஓட்டிய ஃபெராரி, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது தெரியுமா? 1961 மாடல் 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர்! மேற்கு பிரான்ஸில் ரோஜர் பயோன் என்ற லாரி கம்பெனி அதிபர், அருங்காட்சியகம் வைக்கும் ஆசையில் வாங்கிக் குவித்த கார்களில் அதுவும் ஒன்று. தொழில் நொடித்தது, ஆசை கொட்டகைக்குள் முடங்கியது. 2014-இல் ஏலக்காரர்கள் போய்ப் பார்த்தால், சுமார் 60 கார்கள்! மறு ஆண்டு பிப்ரவரியில் பாரிஸில் அந்த ஃபெராரி 1.6 கோடி யூரோவைத் தாண்டி விலைபோனது. அதுவும் தூசிகூடத் தட்டாமல்! தட்டியிருந்தால் இத்தனை பேர் மயங்கியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்படித் தூங்கிய காரைச் சாவி போட்டு, செல்ஃப் அடித்து எழுப்பிவிடலாமா? ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஓடித் தேய்கிற காரைவிட நின்று கெடுகிற காருக்குத்தான் வேலை அதிகம். டேங்கில் தங்கிய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, பிரேக் சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைத்திருக்கும். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். எலி புகுந்திருந்தால் ஒயரிங் போச்சு! அதனால்தான் கைதேர்ந்த மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்கிறார்கள். டயரில் பட்டன் புதிதுபோல் இருந்தாலும் நம்பக்கூடாது. ஓடாத ரப்பருக்கும் வயதாகிறது!

மண்ணுக்குள் புதைத்த ஃபெராரியும் உண்டு, தெரியுமா? 1978-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தைத் தோண்டியபோது வெளிவந்தது, திருடுபோனதாகச் சொல்லப்பட்ட டீனோ 246 ஜிடிஎஸ்! மண் புகாதிருக்கத் துண்டுகளைத் திணித்துப் புதைத்திருந்தார்கள். அந்தக் காரும் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி ரோட்டில் ஓடியது!

இதைவிட வியப்பு, 1925 மாடல் புகாட்டி பிரெஷியா. சுவிட்சர்லாந்துப் பக்கம் மஜோரே ஏரியில், 50 மீட்டருக்கும் கீழே பல பத்தாண்டுகள் கிடந்த காரை 2009-இல் மேலே தூக்கினார்கள். மறு ஆண்டு ஏலத்தில் 2,60,500 யூரோ! வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின் டிங்கரிங் செய்தாரா, பெயிண்ட் அடித்தாரா? எதுவுமே இல்லை! பாதி கரைந்த உடம்பும் துருவுமாக, ஏரி திருப்பித் தந்த கோலத்திலேயே தன் கலிஃபோர்னியா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்.