பாட்டு லிஸ்ட் எழுதியவர்கள்

திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கும்போது பாட்டும் ஓடத் தொடங்கிவிடும். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் சேர்ந்து இரையும் ஹாலில், சுவர் மூலை ஸ்பீக்கரிலிருந்து பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜாதான் வருவார். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை அந்தப் பாட்டுகளோடுதான் தைக்க வேண்டும், பிசிறு வெட்ட வேண்டும், செக்கிங் பார்க்க வேண்டும். காலையில் எது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும் நேரத்தில் எது என்று யோசித்து ஒருவர் அந்தப் பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றியிருப்பார். அவர் கட்டிங் மாஸ்டராக இருக்கலாம், சூப்பர்வைசராக இருக்கலாம். அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது.

தொழிற்சாலையில் பாட்டு வைப்பது திருப்பூரில் தோன்றிய பழக்கம் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 ஜூன் 23 அன்று பிபிசி வானொலி ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. மெஷின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும், தாளம் சீராக இருக்க வேண்டும், தூக்கம் வரவழைக்கும் மெட்டு கூடாது என்பவை அதன் விதிகள். கைதட்டி ரசிக்கும் இடம் கொண்ட ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்’ பாட்டை, தொழிலாளர்கள் கைவேலையை விட்டுவிட்டுக் கருவிகளைத் தட்டிவிடுவார்கள் என்று அதில் ஒலிபரப்பாமலே தவிர்த்தார்கள். அங்கே பாட்டைத் தேர்ந்தெடுத்தது வானொலி நிலையம். பனியன் கம்பெனியில் தேர்ந்தெடுப்பது கூடவே வேலை பார்க்கும் ஒருவர். இந்த வித்தியாசம் சாதாரணமானது அல்ல. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ரெக்கார்டிங் சென்டரில் போய் நிற்போம்.

லிஸ்ட் கொடுத்தால் கேசட்

ரெக்கார்டிங் சென்டர் வருவதற்கு முன்பு, பிடித்த பாட்டைக் கேட்க வேண்டுமானால் போஸ்ட் கார்டுதான். இலங்கை வானொலிக்கோ விவித பாரதிக்கோ எழுதிப் போட்டுவிட்டு, நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயரும் தன் பெயரும் வருமா என்று காத்திருக்க வேண்டும். இசைத்தட்டு வாங்கிக் கேட்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே முடிந்த காரியம்.

1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய காம்பாக்ட் கேசட், எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தது. கடைகளில் விற்ற கேசட்டில் ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம் என்று இருக்கும். இரண்டிலும் சேர்த்துப் பிடித்தவை நாலு பாட்டு தேறினால் அதிர்ஷ்டம். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ரெக்கார்டிங் சென்டர். சுவர் முழுக்க இசைத்தட்டுகள், ஒரு டர்ன்டேபிள், இரண்டு மூன்று டெக், இவ்வளவுதான் கடை. நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்டும் ஒரு காலி கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் பதிவு செய்து தருவார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை கிடைக்கும். கேசட்டை வாங்கப் போவதற்கும் அதுவே தோதான நாள்.

லிஸ்ட் எழுதுவதில் ஒரு கணக்கு உண்டு. 90 என்று போட்ட கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். 3.8 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 130 மீட்டர் நாடா தேவை. ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஒன்பது அடங்கும். ஆனால் ஒன்று நாலே கால் நிமிடம் வரும், இன்னொன்று ஆறைத் தொடும். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து போனால் முழுக் கேசட்டும் கெட்ட மாதிரி. ‘கடைசில ரெண்டு நிமிசம் மிஞ்சுதுங்கண்ணா, என்ன போடறதுங்க?’ என்று கடைக்காரர் கேட்பார். அந்த இடத்தைச் சின்ன இசைத் துண்டு ஒன்றால் நிரப்பிக் கொடுப்பவர்தான் கெட்டிக்காரர். அவருக்கு எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது மனப்பாடம். அடுத்தடுத்து இரண்டு சோகப் பாட்டு வந்தால் நடுவில் வேறொன்றைப் போடலாமே என்று எடுத்துச் சொல்லவும் தயங்க மாட்டார்.

ஜானகி தனி, ஜேசுதாஸ் தனி, டி.எம்.எஸ். தத்துவப் பாட்டு, கல்யாண வீட்டுக்குப் பக்தியில் தொடங்கி டூயட்டில் முடிவது என்று லிஸ்ட் பலவகை. மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுக்கும் கேசட்டில் பாட்டுகளின் வரிசையே கடிதம். பதிந்து முடித்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார்கள். பிறகு யாரும் தெரியாமல் அழித்துப் பதிய முடியாது. உடைத்தது தப்பு என்று தோன்றினால் ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும்.

இது சட்டப்படி சரியா? கூலி வாங்கிப் பதிந்து கொடுத்த கடை, பதிப்புரிமையை மீறியது என்பதே பதில். 1957 சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம், இத்தகைய மீறலுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் அதனால் நேர்ந்த நஷ்டம் உண்மையானது, அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. அதே சமயம், ஒரு சினிமாப் பாட்டைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, இதற்குப் பக்கத்தில் இது என்று வைத்துக் கேட்கும் பழக்கத்தைச் சாதாரண ரசிகனின் கையில் கொடுத்தது அந்தக் கடைதான்.

அடுத்து எம்பி3 சிடி வந்தது, அதன் பின் மெமரி கார்டு. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 5 எம்பி. 4 ஜிபி கார்டில் சுமார் 800 பாட்டு அடங்கும். ஒரு கேசட்டில் அடங்கியது பதினெட்டு. ரெக்கார்டிங் சென்டர் இருந்த இடத்துக்கு மொபைல் கடைகள் வந்தன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஒடியாப் பாட்டையும் போஜ்புரிப் பாட்டையும் அங்கேதான் கார்டில் ஏற்றிக்கொண்டார்கள். இப்போது போனும் ஆப்பும் போதும். ஆனால் ஆப் தரும் லிஸ்ட், நாம் ஏற்கெனவே கேட்டதைப் பார்த்து நமக்கே திருப்பித் தருகிறது. நூறு பேர் உள்ள ஹாலுக்கு அது ஒத்துவராது. தமிழ்ப் பாட்டுக்கு நடுவில் ஒடியாப் பாட்டு ஒன்று ஒலிக்க வேண்டுமானால், பக்கத்து மெஷினில் இருப்பவர் யார் என்று தெரிந்த ஒருவர் லிஸ்ட் போட வேண்டும்.

பெட்டியில் கிடக்கும் கேசட்டை என்ன செய்வது?

முதலில், பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் படலம் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், மற்றக் கேசட்டுகளுக்கும் பரவும். நாடா நன்றாக இருந்தால் முழுவதும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் உடனே நாடாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டின் கோணம் விலகியிருக்கலாம். அப்படியானால் பக்கத்துத் திருகைச் சிறிது திருப்பினால் சரியாகிவிடும், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பது நல்லது. ஸ்பீக்கருக்கு எதிரே போனை வைத்துப் பதிய வேண்டாம். டெக்கிலிருந்து ஒயர் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். சொந்த உபயோகத்துக்குப் பதிவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 ஆண்டுகள் உண்டு.

பாட்டு பாட்டாக வெட்டி அடுக்காமல், ஏ சைடு ஒரு ஃபைல், பி சைடு ஒரு ஃபைல் என்று அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகள் தனித்தனியாக வேறு இடத்தில் கிடைத்துவிடும், அந்த வரிசை கிடைக்காது. உள்ளே மடித்திருக்கும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுங்கள். லிஸ்ட் யார் கையெழுத்து, யாருக்காகப் போட்டது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.