மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுத் தடுப்பு: தேர்ந்தெடுக்கும் முறையும் பொருத்தும் முறையும்

வட்டாரத் தலைமையிடத்திலிருந்து கிராமங்களுக்கு நாள்தோறும் செல்லும் விரிவாக்க ஊழியர், கால்நடை மருத்துவர், சுகாதார ஆய்வாளர், தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் ஆசிரியர் ஆகியோருக்கு மோட்டார் சைக்கிள் இன்றியமையாத ஊர்தியாகும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அதனைச் செலுத்தியபின் ஏற்படும் கழுத்து வலி, காதிரைச்சல், சோர்வு ஆகியவற்றைச் சாலையின் குற்றமென்றோ வயதின் விளைவென்றோ பலர் கருதுகின்றனர். உண்மையில் இவற்றுள் பெரும்பங்கு காற்றினால் விளைவதாகும். இதனைத் தவிர்க்கக் கடைகளில் ‘விண்ட்ஷீல்டு’ அல்லது ‘வைசர்’ என்னும் பெயரில் விற்கப்படும் காற்றுத் தடுப்பை வாங்கிப் பொருத்துவோர் பலர். ஆயினும், பொருத்திய பின்னர்த் தலை முன்னிலும் அதிகமாகக் குலுங்குவதாகச் சிலர் குறை கூறுகின்றனர். இவ்வாறு நேர்வதற்குரிய காரணத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

காற்றின் அழுத்தம்

காற்று எடையற்றதன்று. ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம் ஆகும். ஊர்தி முன்னேறும்போது இக்காற்று ஓட்டுபவரின் மார்பிலும் தலையிலும் மோதுகிறது. இம்மோதலின் விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும்; அதாவது வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். நிமிர்ந்து அமர்ந்துள்ள ஒருவரின் உடல் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு அரைச் சதுர மீட்டர் எனக் கொள்வோமானால், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அவர்மீது ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தாக்கும். 60 கிலோமீட்டரில் இது எட்டரைக் கிலோகிராமாகும். 80 கிலோமீட்டரில் 15 கிலோகிராமாகும். நகர வேகத்தில் உணரப்படாத காற்று நெடுஞ்சாலையில் பெருஞ்சுமையாவதன் காரணம் இதுவே.

எனினும், சீராக வந்து மோதும் காற்றை உடல் ஓரளவு தாங்கிக்கொள்ளும். தலைக்கவசத்தை நொடிக்குப் பலமுறை இப்புறமும் அப்புறமும் அசைக்கும் காற்றே அதிகத் துன்பம் தருவது. அது கழுத்துத் தசைகளைத் தளர்த்தும். பார்வையை மங்கச் செய்யும். எதிரே வரும் ஊர்தியின் தொலைவை மதிப்பிடுவதில் தவறு நேரச் செய்யும். காற்றின் இரைச்சலும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. 1990-களில் பிரிட்டனில் நடைபெற்ற ஆய்வுகளில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலேயே தலைக்கவசத்திற்குள் காதருகே ஏறத்தாழ 90 டெசிபல் இரைச்சல் அளவிடப்பட்டது. இவ்வளவு இரைச்சலை நாள்தோறும் பல மணி நேரம் கேட்பது செவிப்புலனை நாளடைவில் குறைக்கக்கூடும்.

குலுக்கல் எவ்வாறு உண்டாகிறது?

ஆற்றின் நடுவே நிற்கும் பாலத்தூணைக் கவனித்தோர், அதன் பின்புறத்தில் நீர் வலப்புறமும் இடப்புறமும் மாறிமாறிச் சுழித்துச் செல்வதைக் கண்டிருப்பர். காற்றிலும் இதுவே நிகழ்கிறது. பலமான காற்றில் தந்திக்கம்பி ஒலி எழுப்புவது இத்தகைய சுழல்களால்தான். இவ்வொலியைச் செக் நாட்டு இயற்பியலறிஞர் ஸ்ட்ரௌஹல் 1878-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, கம்பியின் பருமன், காற்றின் வேகம், ஒலியின் அதிர்வெண் ஆகியவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். சுழல்களின் வரிசை நிலைத்திருப்பதற்கான கணித விளக்கத்தை 1911-12-இல் தியோடர் ஃபான் கார்மான் அளித்தார்.

தூண்போன்ற பொருள் ஒன்றில், காற்றின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால், ஒரு நொடியில் தோன்றும் சுழல்களின் எண்ணிக்கை ஏறத்தாழக் கிடைக்கும். 30 சென்டிமீட்டர் அகலமும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகமும் கொண்டு கணக்கிட்டால் இது நொடிக்குப் பதினைந்து முறையாகும். காற்றுத் தடுப்பின் வடிவம் தூணினின்று வேறுபடுவதால் இக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. எனினும் தலையைக் குலுக்கும் அதிர்வு எத்தகையது என்பதை இது உணர்த்தும்.

காற்றுத் தடுப்பின் மேல்விளிம்பை அடைந்த காற்று அதனைவிட்டுப் பிரிந்து மேலெழுகிறது. விளிம்பிற்கு மேலே வேகமான, சீரான காற்று. தடுப்பிற்குப் பின்னே மெதுவான, அழுத்தம் குறைந்த காற்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மெல்லிய படலத்தில் சுழல்கள் தோன்றிப் பின்னோக்கிச் செல்கின்றன. ஓட்டுபவரின் தலை இப்படலத்திற்கு முற்றிலும் மேலே இருப்பினும், முற்றிலும் கீழே இருப்பினும் தொல்லை இல்லை. படலம் நேராகத் தலைக்கவசத்தில் மோதும்போதே குலுக்கல் உண்டாகிறது. சிறிய தடுப்பைப் பொருத்தியபின் நிலை மோசமாவதற்கு இதுவே காரணம்: முன்பு தலைக்கு வந்தது சீரான காற்று, இப்பொழுது வருவதோ கொந்தளிக்கும் காற்று.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனை

இத்தத்துவத்தை ஆசிரியர்கள் எளிதில் விளக்கலாம். எரியும் மெழுகுவத்தியின் முன்னே உருண்டையான புட்டி ஒன்றை வைத்து, மறுபுறத்திலிருந்து ஊதினால் சுடர் அணைந்துவிடும். காற்று புட்டியின் வளைந்த பக்கங்களைத் தழுவிச் சென்று பின்புறத்தில் ஒன்றுசேர்கிறது. புட்டிக்குப் பதிலாக அதே அகலமுள்ள தட்டையான அட்டையை வைத்து ஊதினால், சுடர் அணையாமல் அட்டையை நோக்கிச் சாயும். அட்டையின் விளிம்புகளில் காற்று பிரிந்துவிடுவதால், அதன் பின்னே அழுத்தம் குறைந்து, காற்று பின்னிருந்து முன்னோக்கித் திரும்புகிறது. பெரிய காற்றுத் தடுப்பிற்குப் பின்னே அமர்ந்தவரின் முதுகைக் காற்று முன்னோக்கித் தள்ளுவதும், தூசியும் மழைத்துளியும் பின்புறமிருந்து வந்து படிவதும் இதனாலேயாம்.

இக்குறையை நீக்கும் வழியும் இதிலிருந்தே விளங்கும். தடுப்பின் அடிப்பாகத்தில் சிறு இடைவெளியோ துளையோ அமைத்துச் சிறிதளவு காற்றை உள்ளே விட்டால், பின்னுள்ள அழுத்தக் குறைவு தணியும். சுழல்களின் வேகமும் குறையும். தடுப்பு முழுவதும் அடைபட்டிருப்பதே சிறந்ததென எண்ணுவது தவறாகும்.

உயரமும் அகலமும்

காற்றுத் தடுப்பை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, முகப்பு விளக்கிற்கு மேல் அமையும் சிறு தடுப்பு. இது மார்பின் சுமையைச் சற்றுக் குறைத்துத் தலையைச் சீரான காற்றில் விட்டுவிடும். வெப்பம் மிகுந்த சமவெளிகளில் நாள்தோறும் குறுந்தொலைவு செல்வோர்க்கு இது போதும். இரண்டாவது, மோவாய் அல்லது மூக்கு மட்டம்வரை உயர்ந்த தடுப்பு. நீண்ட பயணத்திற்கும் குளிர்மிகு மலைப்பகுதிகளுக்கும் இது ஏற்றது. மூன்றாவது, தோள்பட்டை உயரத்தில் முடியும் நடுத்தரத் தடுப்பு. பார்வைக்கு அழகாயிருப்பினும் பலருக்கும் குலுக்கலைத் தருவது பெரும்பாலும் இவ்வகையே.

உயரத்தை முடிவு செய்வதற்குமுன், ஊர்தியை நிறுத்தி, வழக்கமான நிலையில் அதன்மேல் அமர்ந்து, அட்டை ஒன்றை முன்னே பிடித்து அளவு பார்த்தல் நலம். உயரமான தடுப்பேயாயினும் அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திற்குக் கீழே, மூக்கின் நுனிக்கு நேராக இருத்தல் வேண்டும். விளிம்பைவிட்டு மேலெழும் காற்று தலைக்கவசத்தைத் தாண்டிச் செல்லும்; சாலையைக் கண்ணாடியினூடே பாராமல் அதற்கு மேலாகப் பார்க்கவும் முடியும். மழையிலும், இரவில் எதிர்விளக்கின் ஒளியிலும், கீறல் விழுந்த தடுப்பினூடே பார்ப்பது ஆபத்தானது. ஒருவர்க்குப் பொருந்திய தடுப்பு, அவரினும் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தவர்க்குப் பொருந்தாமற் போகலாம். ஆதலின் நண்பரின் பரிந்துரையை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. சாய்வையும் உயரத்தையும் மாற்றத்தக்க தாங்கிகளுடன் கூடியதே விரும்பத்தக்கது.

அகலம் குறைந்தால் பக்கச் சுழல்கள் தோள்களைத் தாக்கும். அகலம் மிகுந்தால் குறுக்குக் காற்று ஊர்தியைத் தள்ளும். இதற்கு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1950-களில் பந்தய மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் பெரிய உறைகள் வழக்கிலிருந்தன. அவை வேகத்தை உயர்த்தினவாயினும் குறுக்குக் காற்றில் நிலைகுலையச் செய்தமையால், சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் அவற்றை 1958-ஆம் ஆண்டுப் பந்தயங்களிலிருந்து விலக்கியது. பின்னர், காற்றுச் சுரங்கச் சோதனைகளால் உருவாக்கப்பட்ட முழு உறையுடன் 1976-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். விற்பனைக்கு வந்தது.

எப்பொருளால் ஆனது?

சந்தையிலுள்ள தடுப்புகள் பெரும்பாலும் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகிய இரு பிளாஸ்டிக்குகளால் ஆனவை. அக்ரிலிக் தெளிவு மிக்கது; எளிதில் கீறல் விழாது; ஆனால் பலமாகக் கல் பட்டால் உடைந்து சிதறும். 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்ட பாலிகார்பனேட் அடியைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. ஆனால் மேற்பூச்சு இல்லையேல் விரைவில் கீறல் விழும், வெயிலில் மஞ்சளிக்கும். லாரிகள் கல்லெறிந்து செல்லும் சாலைகளில் செல்வோர்க்கு மேற்பூச்சுடைய பாலிகார்பனேட்டே தக்கது.

இரண்டிற்கும் பெட்ரோல், பெயின்ட் கரைக்கும் திரவங்கள், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் ஆகியவை பகை. நிறைய நீர்விட்டுத் தூசியை ஊறவைத்து, மென்மையான சோப்புநீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தல் வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் தூசியே உப்புத்தாள்போல் வேலை செய்யும்.

பொருத்தும் முறை

பிளாஸ்டிக் வெப்பத்தில் விரியும். 50 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு, வெப்பநிலை 40 டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நீளும். ஆகையால் திருகாணித் துளை திருகைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். உலோகத்திற்கும் தகட்டிற்கும் இடையே ரப்பர் வாஷர் இடப்படல் வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் துளையிலிருந்தே விரிசல் தொடங்கும். பொருத்தியபின் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, தடுப்போ தாங்கியோ பெட்ரோல் டாங்கிலும் கேபிள்களிலும் இடிக்கவில்லை என உறுதி செய்தல் அவசியம். முகப்பு விளக்கும், முன்புற எண்பலகையும் மறைக்கப்படுதல் கூடாது.

ஹேண்டில்பாரிலோ முன்கவையிலோ பொருத்தப்படும் தடுப்பு, காற்றின் தள்ளுதலை நேரே திருப்பும் பாகத்திற்குச் செலுத்துகிறது. ஊர்தியின் சட்டத்தில் பொருத்தப்படுவதில் இத்தொல்லை குறைவு. முன்னதைப் பொருத்தியபின் வேகத்தில் ஹேண்டில் ஆடுமாயின், அதனைக் கழற்றிவிடுவதே அறிவுடைமை.

சோதித்துத் திருத்துதல்

ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பளி நூல் துண்டுகளைத் தடுப்பின் விளிம்பிலும் தலைக்கவசத்திலும் ஒட்டி, துணை ஊர்தியில் வரும் ஒருவர் அவற்றைக் கவனிக்கலாம். நூல் பின்னோக்கி நேராகக் கிடந்தால் காற்று சீரானது. துடித்தால் கொந்தளிப்பு உண்டு. முன்னோக்கித் திரும்பினால் காற்று அங்கே மறித்து ஓடுகிறது. விமான ஆராய்ச்சியிலும் கையாளப்படும் முறையே இது.

துணை கிடைக்காவிடில், போக்குவரத்தற்ற நேரான சாலையில், அளவான வேகத்தில், கைகளை எடுக்காமலே சற்று நிமிர்ந்தும் சற்றுக் குனிந்தும் பார்க்கலாம். நிமிரும்போது குலுக்கல் நின்றால் தடுப்பைத் தாழ்த்துதல் வேண்டும். குனியும்போது நின்றால் உயர்த்துதல் வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதே சாலையில், காற்றமைதியுள்ள காலைவேளையில், இருதிசையிலும் சென்று, விளைவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் நலம். உயரம், சாய்வு, அடி இடைவெளி ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாது.

இவற்றால் குணம் காணாவிடில், காற்று கீழிருந்து, அதாவது முன்கவைக்கும் டாங்கிற்கும் இடையே மேலெழுந்து வருகிறதா என ஆராய்தல் வேண்டும். அவ்வழியைச் சிறு தகட்டால் மறைத்தால் போதும். தளர்ந்த தலைக்கவசமும் குலுங்கும்; அது தலைக்குச் சரியாகப் பொருந்துவதும், ஐ.எஸ். 4151 தரமுத்திரை பெற்றிருப்பதும் முதற்கண் கவனிக்கத்தக்கவை. இவ்வளவும் செய்த பின்னரும் தொல்லை தொடர்ந்தால், தடுப்பை அகற்றிவிட்டு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே செலவில்லாத பரிகாரம். 80-லிருந்து 70-க்குக் குறைத்தால் காற்றின் விசையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர்ப் பயணத்தில் இதனால் இழக்கும் நேரம் ஐந்தரை நிமிடத்திற்கும் குறைவே.