வழக்கு எங்கே நிற்கிறது? வன்கொடுமை வழக்கின் ஆவணங்களைத் தேடிப் பெறும் வழிகள்

சவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்தியிலிருந்து வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தோல் பதனிடும் ஆலையிலோ காலணித் தொழிற்சாலையிலோ நாட்கூலிக்கு உழைக்கும் ஒருவர், தம் வழக்கின் நிலையை அறிய அங்கே சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பல நேரங்களில் அடுத்த வாய்தா தேதியை மட்டுமே பெற்றுக்கொண்டு அவர் திரும்புகிறார்.

வன்கொடுமை வழக்குகள் தீர்ப்பு நாளில் மட்டும் தோற்பதில்லை. காவல் நிலையத்துக்கும் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் இடையிலும், அங்கிருந்து நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியிலும் ஓசையின்றித் தேங்கியே பல வழக்குகள் நீர்த்துப்போகின்றன. தேக்கம் எங்கே என்பதை ஆவணங்களே காட்டும். அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் வட்டார அளவிலேயே நீதிமன்ற எழுத்தர் அலுவலகம் இருக்கும். வழக்கோடு தொடர்பில்லாதவரும் பெரும்பாலான கோப்புகளை அங்கே கேட்டுப் பார்க்கலாம். நம்மிடம் அத்தகைய ஒற்றை வாயில் இல்லை. ஆயினும் பாதிக்கப்பட்டவர்க்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகள் வலுவானவை. அவற்றைப் பயன்படுத்தும் வழிமுறையே இக்கட்டுரையின் பொருள்.

முதல் கேள்வி: எந்த மாவட்டம்?

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. சவ்வாது மலையோ வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. ஆகவே சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில், எந்த ஆண்டில் நடந்தது என்பதை உறுதிசெய்யாமல் தேடத் தொடங்கினால் எதுவும் அகப்படாது.

வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குச் செல்லும் வழி மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்த கொடுமை 2019 ஆகஸ்டில் வெளிவந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அன்று அவ்வூர் வேலூர் மாவட்டம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். இத்தகைய பழைய நிகழ்வுகளின் ஆவணங்களை முதலில் வேலூரின் கீழும், பின்னர் புதிய மாவட்டத்தின் கீழும் தேட வேண்டும். வருவாய் மாவட்டம் பிரிந்த அதே நாளில் நீதிமன்றங்களின் ஆள்வரம்பும் பிரிந்திருக்க வேண்டியதில்லை.

நான்கு எண்கள்

ஒரு வழக்கு நகர நகர அதன் எண்ணும் மாறுகிறது. நான்கு எண்களை வரிசையாகக் குறித்து வைத்திருப்பவரிடம் யாரும் எளிதில் பொய் சொல்ல இயலாது.

முதலாவது சி.எஸ்.ஆர். எண். புகார் பெறப்பட்டதற்கான இந்த ஒப்புகைச் சீட்டைத் தந்துவிட்டு 'வழக்குப் போட்டாயிற்று' எனச் சொல்லி அனுப்புவது நாம் நன்கறிந்த நடைமுறை. சி.எஸ்.ஆர். முதல் தகவல் அறிக்கை ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமளிக்கிறது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18அ பிரிவு, அச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை எனத் தெளிவாகக் கூறுகிறது. காவல் நிலையத்தில் எடுத்துக்காட்ட வேண்டிய பிரிவு இதுவே.

இரண்டாவது முதல் தகவல் அறிக்கையின் எண்ணும் ஆண்டும். இதன் நகலை உடனடியாக, கட்டணமின்றித் தருவது 15அ பிரிவின்படி காவல்துறையின் கடமை. நகல் கைக்கு வந்ததும் சட்டப்பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் இருந்தும் 3(1) பிரிவின் உரிய உட்பிரிவு விடுபட்டிருந்தால், அன்றே எழுத்துவழி ஆட்சேபிக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கித் தொழிலாளர் இறக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று மட்டும் பதிந்தால், மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்குக்குள் வராமலே போகும். கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதைக் கோரும் குடும்பம் நீட்டும் முதல் தாள் முதல் தகவல் அறிக்கைதான்.

மூன்றாவது நீதிமன்ற வழக்கு எண். குற்றப்பத்திரிகை கோப்பில் ஏற்கப்பட்ட பிறகே இது பிறக்கும். நான்காவது, ஈ-கோர்ட்ஸ் தளம் ஒவ்வொரு வழக்குக்கும் வழங்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண். இது கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா, முந்தைய வாய்தாக்களில் நடந்தது, பதிவேற்றப்பட்ட உத்தரவுகள் ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே காணலாம்.

இணையத்தில் தேடுதல்

யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற ஆணையிட்டது. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்ற உணர்வுமிக்க வழக்குகளுக்கு மட்டும் விலக்குண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, எண் ஆகியவற்றைத் தந்து தேடலாம். 

ஈ-கோர்ட்ஸ் தளத்தில் சி.என்.ஆர். எண் தெரியாவிட்டால் முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டோ, கட்சிக்காரர் பெயரைக் கொண்டோ தேடுங்கள். நிலுவை, முடிவுற்றது ஆகிய இரண்டிலும் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும் என்பதால், பெயரைவிட எண்ணே நம்பகமானது. வன்கொடுமை வழக்குகளுக்கெனத் தனிச் சிறப்பு நீதிமன்றம் இல்லாத மாவட்டங்களில் அமர்வு நீதிமன்றமே சிறப்பு நீதிமன்றமாகச் செயல்படும். அதன் பட்டியலையும் விட்டுவிடக் கூடாது.

முதல் தகவல் அறிக்கை பதிந்து 60 நாட்களுக்கு மேலாகியும் வழக்கு எண் தோன்றவில்லையா? அந்த வெற்றிடமும் ஒரு செய்தியே. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலனாய்ந்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை அளிக்க வேண்டும் என்பது சட்டம். புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு. புகார் தவறானது எனக் காவல்துறை வழக்கை முடித்தால் ஆர்.சி.எஸ். அறிவிப்பு வர வேண்டும். புகார்தாரரைக் கேளாமல் நீதித்துறை நடுவர் அந்த முடிவை ஏற்கலாகாது என உச்சநீதிமன்றம் 1985இலேயே பகவந்த் சிங் வழக்கில் கூறிவிட்டது. அறிவிப்பு கிடைத்ததும் ஆட்சேப மனு தாக்கல் செய்யுங்கள்.

இதே தேடலில் சில நேரங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் பிணை மனு மட்டும் தென்படும். பிணை உள்ளிட்ட எல்லா நடவடிக்கைகளையும் உரிய நேரத்தில் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பவை 15அ பிரிவின் கட்டளைகள். இவை கட்டாயமானவை என்பதை ஹரிராம் பாம்பி வழக்கில் 2021இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அறிவிப்பின்றிப் பிணை வழங்கப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு அதுவே வலுவான காரணம்.

நகல் மனுவும் தகவல் உரிமையும்

எல்லாமே பொதுவெளியில் கிடைக்கும் என எதிர்பார்க்கலாகாது. குற்றப்பத்திரிகையை அனைவரும் காண இணையத்தில் ஏற்றத் தேவையில்லை என்று சவுரவ் தாஸ் வழக்கில் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் வழக்கறிஞர் வழி முன்னிலையாகும் பாதிக்கப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகை நகல் தரப்பட வேண்டும் என்கிறது சன்ஹிதாவின் 230ஆம் பிரிவு. அரசு வழக்கறிஞர் இருக்கிறாரே என்று இருந்துவிடாமல், சொந்தமாக ஒரு வழக்கறிஞரின் வக்காலத்தைத் தாக்கல் செய்வதன் பயன் இங்கே புலப்படும். கட்டணம் இயலாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

தீர்ப்பு, உத்தரவு, சாட்சியம் ஆகியவற்றின் சான்றிட்ட நகலை நகல் மனு மூலம் பெற வேண்டும். நீதிமன்றக் கோப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்காமல், நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்பது 2020இல் உச்சநீதிமன்றம் வகுத்த நெறி.

காவல்துறை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஆதிதிராவிடர் நல அலுவலகம் ஆகியவற்றிடம் தகவல் உரிமை மனுவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கட்டணம் 10 ரூபாய். விடைக்கான காலம் 30 நாட்கள். 'புலனாய்வு நடக்கிறது' என்ற ஒற்றை வரியில் மறுத்தால், தகவல் தருவது புலனாய்வை எவ்வாறு தடுக்கும் என விளக்க வேண்டும் என்ற டெல்லி உயர்நீதிமன்றத்தின் 2007 பகத் சிங் தீர்ப்பைச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள். தனிநபர் விவரங்களைக் கேட்டால் மறுப்பு எளிது. எண்ணிக்கையைக் கேளுங்கள்: இக்காவல் நிலையத்தில் ஐந்தாண்டுகளில் பதிவான வன்கொடுமை வழக்குகள் எத்தனை, அவற்றுள் தவறான புகார் என முடிக்கப்பட்டவை எத்தனை, 60 நாட்களைக் கடந்தவை எத்தனை? மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அதன் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளையும் கேளுங்கள். கல்லூரி மாணவர் குழு ஒன்று எளிதில் செய்யக்கூடிய ஆய்வு இது.

தீருதவியும் ஆவணங்களோடு பிணைந்ததே. சாதிப் பெயரால் இழிவுபடுத்திய குற்றத்துக்கு விதிகள் வகுத்துள்ள ஓர் இலட்சம் ரூபாயில் முதல் தகவல் அறிக்கையின்போது 25 விழுக்காடும், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் சென்றதும் 50 விழுக்காடும், தண்டனைக்குப் பின் எஞ்சியதும் தரப்பட வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி தெரியாத குடும்பத்துக்கு இரண்டாம் தவணை தாமதமாவதும் தெரியாது.

தீர்ப்புக்குப் பின்னும், எல்லைக்கு அப்பாலும்

தண்டனையோடு தேடல் முடிந்துவிடுவதில்லை. மேலவளவுப் படுகொலையில் ஆயுள் தண்டனை பெற்ற 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டபோது, அதற்கான அரசாணைகளைப் பெறவே உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. விடுதலை குறித்தும் கேட்கப்படும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு.

மலைவாழ் பழங்குடியினருக்கோ ஆவணங்கள் மாநில எல்லைக்கு அப்பாலும் கிடக்கின்றன. செம்மர வழக்குகளில் சிக்கி ஆந்திரச் சிறைகளில் வாடியோர் பலர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களே. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலத்தை மாற்றி ஆந்திர மாவட்ட நீதிமன்றங்களிலும் தேடலாம் என்பதைச் சவ்வாது மலையின் ஒவ்வொரு ஊரும் அறிந்திருக்க வேண்டும்.

நம் பெயரிலும் வழக்கு இருக்கலாம்

வன்கொடுமைப் புகார் அளித்தவர்கள்மீதே எதிர்வழக்குப் பதிவது பழகிப்போன உத்தி. அதில் தம் பெயர் சேர்க்கப்பட்டதை அறியாத இளைஞர், ஆண்டுகள் கழித்துக் காவலர் தேர்வின் முன்வரலாறு சரிபார்ப்பில்தான் அதை அறிகிறார். மறைத்ததாகக் கருதப்பட்டு வேலையை இழக்கும் ஆபத்தும் உண்டு. மோதல் நடந்த ஊரின் இளைஞர்கள், அந்த வாரத்தில் தம் காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கைகள் அனைத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

தேடிக் கிடைத்ததைப் பயன்படுத்துவதிலும் பொறுப்பு வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரியது. சாட்சிகளின் பெயர் வாட்ஸ்அப்பில் பரவினால் மிரட்டல் அவர்கள் வீட்டுக்கே வரும்.

ஒவ்வொரு சேரியிலும் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். வழக்கு ஒன்றுக்கு ஒரு பக்கம். அதில் நான்கு எண்கள், 60ஆம் நாளின் தேதி, தீருதவித் தவணைகள், அடுத்த வாய்தா. கைப்பேசியில் தேடத் தெரிந்த ஒரு மாணவர் வாரம் ஒருமுறை அதைச் சரிபார்த்தால், ஒரு நாள் கூலியை இழந்து 25 கிலோமீட்டர் செல்லும் தொழிலாளி, அன்று அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தே செல்வார்.