காரணம் சொல்லாத ஒரு கடிதம்

2013 நவம்பர் 10 அன்று பிரதமர் மன்மோகன் சிங், இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்சவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொழும்பில் 15ஆம் தேதி தொடங்கவிருந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு வர இயலாது என்பதே செய்தி. ஏன் என்று மட்டும் அதில் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இது எங்கோ நடந்த சங்கதி அல்ல. மரக்காணம் வட்டாரத்தில், கடற்கரைச் சாலையோரம் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. திண்டிவனத்தை அடுத்த தைலாபுரத்தில் வசிக்கும் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், இலங்கைத் தமிழர்களுக்காக மாநாட்டைப் புறக்கணிக்கச் சொன்னவர்களில் ஒருவர். தமிழகச் சட்டப்பேரவையும் அக்டோபர் 24 அன்று அதையே தீர்மானமாக நிறைவேற்றியிருந்தது.

அப்படியிருந்தும் டெல்லி ஏன் கடைசிவரை வாய் திறக்கவில்லை? தலைவர் ஒருவரின் பயணத்தை இரு தலைநகரங்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அறிவிப்பதுதான் வழக்கம். போகவில்லை என்றால், அழைத்தவர் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இங்கே அழைப்பிதழை இலங்கை வெளியுறவு அமைச்சர் பீரிஸ் ஆகஸ்டிலேயே டெல்லிக்கு வந்து நேரில் கொடுத்திருந்தார். 'பிறகு பார்க்கலாம்' என்பதற்கு மேல் எதைச் சொன்னாலும் அது பதிலாகிவிடும்.

கனடா பிரதமர் ஹார்ப்பர் இந்தச் சங்கடத்தையெல்லாம் பார்க்கவில்லை. மனித உரிமையைக் காரணம் காட்டி, வர மாட்டேன் என்று அக்டோபர் 7ஆம் தேதியே சொல்லிவிட்டார். பக்கத்து நாடான இந்தியாவுக்கு அது எளிதல்ல: மீனவர் கைது, வடமாகாண அதிகாரப் பகிர்வு என்று மறுநாளே கொழும்போடு பேசியாக வேண்டிய விவகாரங்கள் வரிசையில் நின்றன. காரணம் எழுதாவிட்டால், உள்நாட்டு நெருக்கடி என்று கொழும்பு எடுத்துக்கொள்ளலாம், தங்கள் போராட்டத்தின் வெற்றி என்று தமிழகம் எடுத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இங்கே எடுபடவில்லை. பிரதமருக்குப் பதிலாக வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் போகிறார் என்றதும், நவம்பர் 12இல் சட்டப்பேரவை மீண்டும் கூடி, பெயரளவுக்குக்கூட யாரும் போகக் கூடாது என்றது. அதே நாளில் மொரீஷியஸ் பிரதமர் ராம்கூலமும் தாம் போகப்போவதில்லை என்று அறிவித்தார். 2015 மாநாட்டை நடத்தவிருந்த நாடு அது. அந்த வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தது. மாநாடு மால்டாவுக்குப் போனது.

குர்ஷித் கொழும்பு போய்த்தான் வந்தார். இந்தியப் பிரதமர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் கால் வைத்தது 2015 மார்ச்சில், மோடியின் பயணத்தில். அதற்குள் ராஜபக்ச தேர்தலில் தோற்றிருந்தார்.