பார்டரில் நிற்கும் சர்க்கரையும் அரைமணி நேர நடையும்

"சுகர் பார்டர்ல இருக்கு. உடம்பைக் கொஞ்சம் குறைங்க, வாக்கிங் போங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்றைக்கே பல வீடுகளில் பெரிய தீர்மானங்கள் பிறந்துவிடும். நாளை முதல் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடை. சோறு கிடையாது, சப்பாத்திதான். தீபாவளிக்குள் 15 கிலோ குறைந்தாக வேண்டும். புது ஷூவும் வந்துவிடும். பிறகு ஒரு மழை நாள், ஒரு கல்யாணம், இரவு வெகுநேரம் இழுத்த ஒரு ஆபீஸ் வேலை. நடை நின்றுபோகும். "எனக்கு மன உறுதி பத்தாது" என்று அவர் தன்னையே நொந்துகொள்வார். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் வைத்த இலக்கு, அவர் வாழும் நாளுக்குள் அடங்காத இலக்கு.

பார்டரில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வராமல் தடுக்க முடியுமா என்று பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் மக்களிடம் எவ்வளவு கேட்டார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2002-ல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில் 3,234 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு இரண்டே இலக்குகள்: உடல் எடையில் 7% குறைக்க வேண்டும், வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும். 80 கிலோ உள்ளவருக்கு 7% என்பது 5.6 கிலோ. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். உயரத்துக்கு ஏற்ற எடையை எட்டியே தீர வேண்டும் என்று யாரும் அவர்களை விரட்டவில்லை. கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில், வெறும் டம்மி மாத்திரை எடுத்த பிரிவை விட இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58% குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31%.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 24 வாரம் முடிந்தபோது எடை இலக்கை எட்டியவர்கள் 50%. உடலுழைப்பு இலக்கை எட்டியவர்கள் 74%. ஆய்வு முடியும் தறுவாயில் இரண்டும் இறங்கி, 38%, 58% என்று நின்றன. இரண்டு தடவையும் முந்தியது உடலுழைப்புதான். நடப்பது நம் கையில் இருக்கிறது. எடை முழுக்க நம் கையில் இல்லை. இன்றைக்கு நடந்தோமா என்பதற்கு இன்றைக்கே பதில் கிடைத்துவிடும். எடை அப்படியல்ல, ஒரு வாரம் ஒழுங்காக இருந்தும் முள் அசையாமல் நிற்கும். அதனால் இலக்கை விளைவின் மேல் வைக்காமல் செயலின் மேல் வையுங்கள்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு, 2006-ல் வெளியானது, இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. உட்கார்ந்து வேலை செய்பவர்களிடம் தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்பவர்கள், தினமும் அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய்வருபவர்களிடம், அதையே தொடரச் சொன்னார்கள். ஆளுக்கு ஏற்ற இலக்கு என்பது இதுதான். மூன்று ஆண்டுகளில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55% பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்று வழிகாட்டப்பட்டவர்களில் 39.3% பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால், உள்ளே நடந்த நன்மை தெரியாமலே பாதியில் விட்டிருப்பார்கள்.

எளிய இலக்கு என்றால் மொட்டையான இலக்கு என்று பொருளில்லை. "முடிந்தபோதெல்லாம் நடப்பேன்" என்பது எந்த நாளிலும் வந்து நிற்காது. எப்போது, எங்கே என்பதை முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்று ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகள் வழியே காட்டியிருக்கிறார். "பிள்ளையை டியூஷனில் விட்டதும், அந்தத் தெருவிலேயே அரைமணி நேரம் நடப்பேன்." "மழை வந்தால் வீட்டு ஹாலிலேயே நடப்பேன்." "பந்தியில் இரண்டாவது தடவை ஸ்வீட் வரும்போது இலை மேல் கையை நீட்டி வேண்டாம் என்பேன்." இப்படி இடைஞ்சலுக்கும் சேர்த்து விடை வைத்திருப்பவருக்கு, அந்த நேரத்தில் மனதோடு மல்லுக்கட்டும் வேலை குறைகிறது. சோற்றை அடியோடு விடுவதை விட, ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியலைக் கூட்டுவதும் இந்த வகைதான்.

விடியற்காலை 5 மணி நடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு அது யாரோ வகுத்த இலக்கு. எல்லோரையும் அனுப்பிவிட்டு அவர் மூச்சு விடுவது பத்தரை மணிக்கு என்றால், அவருடைய இலக்கு அங்கேதான் தொடங்க வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் அரைமணி நேரக் கணக்கில் சேரும். அந்த நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுப்பது வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பு. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், நெஞ்சுவலி, மூட்டுவலி உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

21 நாள் செய்தால் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரிடம் இதை ஆராய்ந்தது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாள், மறுபடி முதலிலிருந்து சபதம் எடுக்க வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் செருப்பை மாட்டினால் போதும்.

அமெரிக்க ஆய்வில் இருந்தவர்களைப் பத்து ஆண்டு கழித்தும் பார்த்தார்கள். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிரிவினருக்குக் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அப்படியிருந்தும், டம்மி மாத்திரைப் பிரிவோடு ஒப்பிட்டால் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 34% குறைவாகவே இருந்தது.